முதல் வரி எழுத ஆளில்லாத ரீஃபில்

ஜெயசீலா, என் அருமை இடதுகைக்காரா,

நாம் சொல்லி வைத்திருந்த ரீஃபில் வந்துவிட்டது. வழக்கம்போல் தாமதமாகத்தான் வந்தது. இந்த முறை அவசரப்பட்டவன் நீதான்.

ஆம்பூர் பஜாரிலிருந்து பாஷா பாய் போன் செய்தார். அவர் கடையின் முன்பக்கம் முழுக்க இப்போது மொபைல் உறைகள் தொங்குகின்றன. பேனாக்களைப் பின்சுவருக்கு அனுப்பிவிட்டார். அங்கே அவை எலிப்பொறிக்குப் பக்கத்தில் மரியாதையாக இருக்கின்றன.

“சார், உங்க ஜப்பான் சரக்கு வந்திருக்குது. ரெண்டு சொல்லியிருந்தேன், ஒண்ணுதான் அனுப்பிச்சிருக்கான்.”

“சரியாத்தான் அனுப்பியிருக்கான் பாய்.”

பாய்க்குப் புரிந்துவிட்டது. “பேஜாரா இருக்குது சார்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இந்தக் கடிதத்தை உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன், கோபிக்காதே. ஜெயசீலன் ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்ப்பவன். முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு, சூட்டுக்கோல் தடம் என்று ஒரு மாடு வாழ்ந்ததற்கான அடையாளம் எதுவாக இருந்தாலும் அதைச் சுற்றி வெள்ளிநிறப் பேனாவால் வட்டம் போட்டு ஒதுக்குவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். நான் தனபால், வேலூரில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. ஓய்வு நேரத்தில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். அவற்றைப் படித்துச் சிரித்ததாக யாரும் இதுவரை புகார் சொன்னதில்லை. எங்கள் இருவருக்கும் சாமி வேறு, கட்சி வேறு, பிரியாணி வாங்கும் கடையும் வேறு. பொதுவாக இருந்தது ரோலர்பால் பேனா ஒன்றுதான்.

அதையும் விளக்கியாக வேண்டும். பார்க்க பால்பாயிண்ட் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது இங்க் பேனாவின் நீர்த்த மை. அழுத்தவே வேண்டாம், காகிதத்தைத் தொட்டால் போதும். ஒரே குறை, காய நேரமாகும். நீயோ இடது கைக்காரன். எழுதிய வரியின் மேலேயே உன் கை ஊர்ந்து போகும். உலகத்தில் உனக்குச் சுத்தமாகப் பொருந்தாத பேனா ஒன்று உண்டென்றால் அது ரோலர்பால்தான். அதைத்தான் நீ வாழ்நாள் முழுக்கக் காதலித்தாய். உன் இடது உள்ளங்கையின் ஓரம் எப்போதும் நீலமாகவே இருந்தது.

நீ சவப்பெட்டிக்குள் படுத்திருந்தபோது அந்த ஓரத்தைப் பார்த்தேன். யாரோ நன்றாகத் துடைத்திருந்தார்கள். ஒரு நிமிடம், இது வேறு யாரோ, நாம் வீடு மாறி வந்துவிட்டோம் என்று நிஜமாகவே நம்பினேன்.

ரீஃபில் விஷயத்துக்கு வருகிறேன். நம் சட்டம் உனக்கு நினைவிருக்கும், நீதான் போட்டாய். புது ரீஃபிலின் முதல் வரியை வாங்கியவன் எழுதக் கூடாது, மற்றவன்தான் எழுத வேண்டும். “காசு குடுத்தவனுக்குக் கண்ணு தெரியாதுடா மச்சான். எது வாங்கினாலும் நல்லா ஓடுதுன்னுதான் சொல்லுவான்” என்றாய். ஓட்டுப் போட்டவர்களைப் பார்த்த அனுபவத்தில் எனக்கும் அது சரியென்று பட்டது. அன்றிலிருந்து நான் வாங்கிய ரீஃபிலின் முனையில் இருக்கும் மெழுகுப் பொட்டை நீதான் கிள்ளினாய், நீ வாங்கியதை நான் கிள்ளினேன். மற்றவன் ஒரு வரி எழுதுவான், அதன் கீழே வாங்கியவன் ஒரு வரி எழுதுவான்.

நீ தோலுக்குச் சொல்லும் தீர்ப்பையே மைக்கும் எழுதுவாய். ‘கழுத்துப் பக்கம் சுருக்கம் இருக்கு. ஏற்றுமதிக்கு ஆகாது. தனபால் காலுக்கு ஆகும்.’ நான் ஆசையாக வாங்கிவந்த ஜெர்மன் ரீஃபிலுக்கு நீ எழுதியது இது. உண்மையிலேயே அது சரியாக ஓடவில்லை. அதனால் அந்த வரியே பாதிக்குப் பாதி தெரியாது. தீர்ப்பும் சாட்சியும் ஒன்றாக அமைந்த வழக்கு அது ஒன்றுதான்.

இப்போது மெழுகு வைத்த ஒரு ரீஃபில் என்னிடம் இருக்கிறது. முதல் வரி எழுத ஆள் இல்லை. கேட்பவர்களுக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கும், வேறொருவருடைய கதையாக இருந்திருந்தால், ஒரு கட்டுரை கிடைத்திருக்கும்.

யாரைக் கேட்பது? அலுவலகத்தில் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். பேனாவைப் பல்துலக்கும் பிரஷ் மாதிரிப் பிடிக்கிறார்கள். அதுவும் அவர்கள் தப்பில்லை. இப்போதெல்லாம் அங்கே கையெழுத்துக்குப் பதில் விரலை வைத்தால் போதும். எங்கள் வீட்டில் கேட்கலாமென்றால், அங்கே நானும் சுவர்க் கடிகாரமும்தான்.

நாம் சேர்ந்திருந்தோமே, செல்போனில் அந்தப் பேனாப் பிரியர்கள் குழு, அதில் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பேனாவைப் பற்றிக் கட்டை விரலால் மட்டுமே எழுதுகிறவர்கள் என்று நீ சொல்வாயே, அதே ஆட்கள்தான். முதலில் நீ போய்விட்ட செய்தியைப் போட்டேன். வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தன. கைகள் ஓய்ந்ததும் ஒருவர் கேட்டார், ‘அன்னாரின் கலெக்‌ஷன் விற்பனைக்கு வருமா?’ அன்னார் என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன். ஏன் போனாய் என்று யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் சனிக்கிழமை ஆம்பூர் பஸ் ஏறினேன். உன் மனைவி எஸ்தர் அப்போதுதான் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள், நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றவில்லை.

“வாங்கண்ணா. இன்னா இவ்ளோ தூரம்? ஒரு போன் பண்ணியிருந்தா சமைச்சி வச்சிருப்பேன்ல.”

“சும்மாதான்ம்மா.”

“நீங்க சும்மா வர்ற ஆளா? அவரு இருந்தப்பவே பையில பேனா இல்லாம இந்த வாசப்படி ஏறினதில்ல. எடுங்க வெளிய.”

புது ரீஃபிலைப் போட்டிருந்த பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றி முனையை உற்றுப் பார்த்தாள்.

“இது இன்னா, அழுக்கா?”

“மெழுகு. இன்னும் யாரும் எழுதலன்னு அர்த்தம்.”

“ஓ. அந்த முதல் வரிப் பைத்தியமா?” சிரித்தாள். “மருந்து கம்பெனிக்காரன் குடுக்கற ஓசிப் பேனாவுல எழுதறேன்னு ரெண்டு பேரும் என்னை இன்னா கிண்டல் பண்ணீங்க! இப்ப மட்டும் நான் வேணுமா?”

“வேற யாரும் இல்லம்மா.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். கிண்டலை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இன்னா எழுதட்டும்?”

“எது வேணா எழுது. கையில வர்றத எழுது.”

நகத்தால் மெழுகைக் கிள்ளினாள். நான் கொண்டுபோன வெள்ளைத்தாளில் ஒரே மூச்சில் எழுதினாள். ஆங்கிலம். ‘பேஷண்ட் ஸ்லீப்பிங் வெல். நோ கம்ப்ளெயின்ட்ஸ்.’

இரவு டியூட்டியில் ஒவ்வொரு கட்டிலுக்கும் நர்ஸுகள் எழுதிவைக்கும் வரி அது. வருஷக்கணக்காக எழுதிய கை தானாக எழுதிவிட்டது. எழுதிய பிறகுதான் அவள் அதைப் படித்தாள்.

உன் கடைசி நாட்களில் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தாய். ஆனால் அங்கே அப்போது அவள் நர்ஸ் இல்லை, பேஷண்டின் மனைவி. உன் கட்டிலில் தொங்கிய அட்டையில் வேறொரு பெண் எழுதினாள், இவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

“ஊருக்கெல்லாம் எழுதியிருக்கேன். அவருக்கு ஒரு வரி எழுதலண்ணா,” என்றாள்.

“இதுவும் பொய்தானம்மா. அவனாவது, கம்ப்ளெயின்ட் இல்லாம இருக்கறதாவது?” என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “அய்யோ, ஆமாண்ணா. ஐ.சி.யூவுல கையெழுத்து வாங்க வந்தாங்க. மூச்சு வாங்குது, அப்பக்கூட, ‘நூல் கட்டின பேனாவக் குடுக்கறாங்க பாரு எஸ்தர், நான் இன்னா தூக்கிட்டு ஓடவா போறேன்’ன்னாரு.”

நாங்கள் இருவரும் சிரித்தோம். உன்னை விட்டுவிட்டு நாங்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அது எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது என்றும் தெரியவில்லை.

பிறகு அவள் பேனாவை மூடினாள். மூடி, நர்ஸுகள் செய்வது போலவே, உடுப்பின் பையில் செருகிக்கொண்டாள். டீ போடப் போனாள், டீயோடு வந்தாள், உன் தம்பி மகளுக்கு ஒடுகத்தூரில் மாப்பிள்ளை பார்த்திருப்பதைச் சொன்னாள். பேனா பையிலேயே இருந்தது. இரவல் பேனாவைத் தன் பையில் செருகுகிறவனைப் பற்றி நாம் என்னவெல்லாம் பேசியிருக்கிறோம், ஜெயசீலா! அப்படிச் செய்ததற்காக உன் மேனேஜரோடு நீ ஒரு மாதம் பேசவில்லை.

நான் பேனாவைத் திருப்பிக் கேட்கவில்லை. முதல் வரிக்குக் கீழே எழுத வேண்டிய என் வரியையும் எழுதவில்லை. “வர்றேம்மா,” என்று கிளம்பினேன். “அடுத்த தடவை சொல்லிட்டு வாங்கண்ணா,” என்றாள். தாள் மேஜையிலேயே கிடந்தது.

வேலூர் பஸ்ஸில் என் சட்டைப்பையில் பேனா இல்லை. அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. யாரும் ஒன்றும் எழுதச் சொல்லவில்லை. இறங்குகிறவரைக்கும் யாரும் ஒன்றும் பேசவுமில்லை.

இதை எங்கள் அலுவலகத்தின் இலவச பால்பாயிண்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். விரல் வலிக்கிறது. நீ மேலிருந்து பார்க்கிறாய் என்று உன் பாஸ்டர் சொன்னார். பார்த்தால் இந்த இடத்தில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்.

எஸ்தர் அழுத்தி எழுதுகிறாள். அட்டையில் எழுதிப் பழகிய கை. வார்டில் பாதி நேரம் மூடி போடாமலும் வைப்பாள். நமக்கு மாதக்கணக்கில் வரும் ரீஃபில் அவளிடம் அவ்வளவு நாள் தாங்காது. ஒரு சொட்டு மை வீணானாலும் வருந்துகிற சாதி நாம். ஆனாலும் சொல்கிறேன், அது சீக்கிரம் தீர்ந்துபோகட்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

தீர்ந்ததும் பாஷா பாயிடம் அடுத்ததை வாங்குவேன். எஸ்தருக்குச் சொல்லிவிட்டுத்தான் போவேன். முனையில் உள்ள மெழுகை என் நகம் தொடாது.

எஸ்தர் அண்ணா என்று கூப்பிடுவதால் மட்டுமே
உனக்கு மச்சான் ஆகிப்போன,
தனபால்