எழுதியவளின் முறை

என் பக்கத்துக் கதிரை மலருக்கு,

நாளைக்குக் காலையில் என்னைக் கம்பஸுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் விஷயமாகத்தான். பரீட்சைச் சபை என்று ஒன்று இருக்கிறதாம். நாலைந்து பேராசிரியர்கள் நீட்டு மேசைக்குப் பின்னால் இருப்பார்களாம். காலமான மாணவி தன் கடைசிக் கதைக்கு முடிவு எழுதி வைத்தாரா இல்லையா என்று என்னிடம் கேட்பார்களாம். எழுதி வைத்தாள் என்றால் உனக்குப் பட்டம். இல்லை என்றால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு வகுப்பெடுக்கிற நிரோஷன் சேருக்கே தெரியவில்லை.

 பயம் வந்தால் நான் சாப்பிடுகிற ஆள் என்று உனக்குத் தெரியும். பேத்திக்கென்று வாங்கி வைத்த கடலை வடையையும் முடித்துவிட்டேன். இனிச் செய்ய ஒன்றுமில்லை, ஆகவே எழுதுகிறேன். பேப்பரில் வருகிற என் பத்தியை வாசிக்கிறவர்களும் பக்கத்தில் நின்று காது கொடுக்கட்டும். இத்தனை வருஷமாக வெள்ளவத்தைக்காரரின் வம்பையெல்லாம் அவர்களுக்கு அளந்து கொடுத்தேன். இந்த வாரம் என்னுடையதையும் தெரிந்துகொள்ளட்டுமே.

அவர்களுக்காக ஒரு சிறு விளக்கம், நீ பொறுத்துக்கொள். நீயும் நானும் ஐம்பதைத் தாண்டிய பிறகு ஆக்க இலக்கியத்தில் பட்டம் எடுக்கப் போன இரண்டு பைத்தியங்கள். சனிக்கிழமை வகுப்பு. கூடப் படித்ததெல்லாம் எங்கள் பிள்ளைகளின் வயது. என் மச்சாள் ஒருத்தி, “கதை எழுதவும் கம்பஸ் போகவேணுமோ? நீ வாயைத் திறந்தாலே கதைதானே” என்று கல்யாண வீட்டில் வைத்துக் கேட்டாள். சாம்பார் வாளியோடு நின்றவன்கூடச் சிரித்தான். நான் போனது வீம்புக்கு. பகிடியும் நையாண்டியும் எழுதுகிறவளுக்கும் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து இருந்தால் என்ன என்றுதான். நீ ஏன் வந்தாய்? எத்தனையோ தரம் கேட்டேன். “சும்மாதான்டி” என்றாய். நானும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், நீ வாயைத் திறப்பதற்குள் என் அடுத்த பகிடி வந்துவிடும்.

பட்டறை வகுப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். ஒருவர் எழுதியதை எல்லோரும் வாசித்துவிட்டு வந்து பேசுவார்கள். எழுதியவர் மட்டும் வாயே திறக்கக்கூடாது. கடைசியில் “இனி எழுதியவரின் முறை” என்று சேர் சொன்ன பிறகுதான் பேசலாம். அந்தச் சட்டத்தை நீ ஒருநாளாவது மதித்தாயா? யாராவது உன் கதையைப் பிழையாக விளங்கினால், “தம்பி, அது அப்படி இல்லப்பா” என்று கதிரையில் பாதி எழும்பிவிடுவாய். ஒருநாள் நிரோஷன் சேர் பொறுமை கெட்டு, “மலரக்கா, எழுதினவர் செத்துப்போனார் எண்டு நினைச்சுக்கொண்டு கொஞ்சம் இருங்கோவன்” என்றார். வகுப்பே சிரித்தது. நீதான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தாய். உன் செத்த வீட்டில் சேர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

செத்த வீட்டில் நடந்ததையும் சொல்லவேணும். கொட்டாஞ்சேனையில் உன் வீட்டு ஒழுங்கைக்குள் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வரிசையாக வந்தார்கள். உன் வீட்டுக்காரர் முத்தையா அண்ணன் என்னை மெதுவாகக் கூப்பிட்டு, “இந்தப் புள்ளைகள்லாம் யாருங்க?” என்றார். உன்னோடு படிக்கிறவர்கள் என்றேன். என்ன படிப்பு என்றார். சொன்னேன். அவர் வாசலில் கிடந்த வாடகைக் கதிரை ஒன்றில் போய் இருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, உன் வீட்டில் யாருக்கும் தெரியாது என்று. பிளவுஸ் தைத்த காசில் படித்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் வெள்ளவத்தைக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். எனக்கே சொல்லாமல். ஊர் முழுக்கக் காது வைத்திருக்கிற எனக்கே.

பதினாறு முடிந்த கையோடு அவர் தொலைபேசி எடுத்தார். அந்தப் பட்டத்தை உனக்கு வாங்கிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். முன் ஹோலில் உன் படத்துக்குப் பக்கத்தில் சர்டிபிகேட்டை மாட்டவேண்டுமாம். புறக்கோட்டையில் எவர்சில்வர் கடை வைத்திருக்கிற மனிதர், ஒரு நாளும் என்னிடம் எதையும் கேட்காதவர், அன்றைக்குக் கேட்டார். நான் நிரோஷன் சேரிடம் ஓடினேன். உன் புள்ளிகள் எல்லாம் சரி, கடைசிக் கதை மட்டும் அரைகுறையில் நிற்கிறது என்றார். முழுமையான படைப்பாக இருந்தால் சபை ஏற்றுக்கொள்ளும் என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அக்காவின் கம்பியூட்டரில் முடிவு ஏதாவது கிடக்குமோ, நீங்கள்தானே கூட இருந்தவர் என்றார். எனக்கு விளங்கியது. முத்தையா அண்ணனிடம் சொன்னேன். அவருக்கும் விளங்கியது. “ரெண்டு பக்கம்தானே பவானிம்மா, நீங்க எழுதிக் குடுத்தா என்ன?” என்றார்.

எழுதினேன், மலர். ஒரே இருப்பில் எழுதினேன். அவ்வளவு திறமாக வந்தது. உன் கதையை நினைத்துப் பார். ஒரு மனிசி சனிக்கிழமை தோறும் வெளிக்கிடுகிறாள். புருஷன் வாசலில் நின்று “எங்க போற?” என்று கேட்கிறான். அவள் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பொய் சொல்கிறாள். கோயிலுக்கு, பல் டொக்டரிடம், தெமட்டகொடையில் ஒரு செத்த வீட்டுக்கு, இரத்மலானையில் பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்திய வீட்டுக்கு. அவன் விடுவதில்லை. யாருடைய சாமத்திய வீடு, யாரோடு போகிறாய், என்ன நிறச் சேலை உடுக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். கடைசிச் சனிக்கிழமையும் கேட்கிறான். அவள் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறாள். அந்த இடத்தில் நீ போய்விட்டாய்.

நான் எழுதிய முடிவில் அவள், “உங்களிட்ட இருந்து அஞ்சு மணித்தியாலம் லீவு எடுக்கிறன்” என்கிறாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. இரண்டு பேரும் பிளேன்டீ குடிக்கிறார்கள். வாசித்துப் பார்த்து நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஆனால் ஒரு சிக்கல். கதையைச் சபைக்கு அனுப்ப வீட்டாரின் கையொப்பம் வேண்டும். அதற்காக முத்தையா அண்ணன் கம்பஸுக்கு வரவேண்டும். அவர் வருகிற சனிக்கிழமைதான் உன் கதையின் பட்டறை. வாசலில் நின்று துருவுகிற அந்தப் புருஷன் தானேதான் என்று அவர் கண்டுபிடித்தால் கையொப்பமும் இல்லை, பட்டமும் இல்லை. ஆகவே திட்டம் போட்டேன். கதையைக் கண்ணில் காட்டாமல் கையொப்பத்தை வாங்கி, கன்டீனில் ஒரு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்து, வகுப்புத் தொடங்குமுன் ஓட்டோவில் ஏற்றிவிடுவது.

கேற்றில் செக்கியூரிட்டிப் பெடியன் என்னைப் பார்த்ததும் வழமைபோலச் சிங்களத்தில், “அனித் அக்கா கோ?” என்றான். மற்ற அக்கா எங்கே என்று.  பக்கத்தில் நின்ற முத்தையா அண்ணன்தான், கடையில் கணக்குச் சொல்கிற அதே குரலில், “நெத்தி வுணா மல்லி” என்றார். இல்லாமல் போய்விட்டா தம்பி என்று. அந்தப் பெடியன் தொப்பியைக் கழற்றினான். இவர் திரும்பி, “இவனுக்குக்கூட அவளத் தெரியுமா?” என்று என்னைக் கேட்டார்.

அலுவலகத்தில் கிளார்க் நோனா, “பொட்டக் இன்ன” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக்குப் போனவ போனவதான். கொஞ்சம் இருக்கச் சொன்ன அந்தக் கொஞ்சம் வளர்ந்துகொண்டே போனது. மணியடித்தது. நிரோஷன் சேர் அந்த வழியாக வந்தார். ஆளை அடையாளம் கண்டு, கையைப் பிடித்து, உள்ளே வந்து இருங்கள் ஐயா என்று கூட்டிக்கொண்டு போனார். நான் பின்னால் நின்று கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், இருமினேன். நல்ல மனம் படைத்தவர்களுக்குச் சாடை விளங்காது, மலர். ஒரு பிரதியையும் அவர் கையிலேயே கொடுத்தார்.

முத்தையா அண்ணன் பின்வரிசையில் இருந்து வாசித்தார். விரலை வரிக்குக் கீழே வைத்து, மெதுவாக. பிள்ளைகள் பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்த இருட்டு மூலையில் இருப்பவர் யாரென்று அவர்கள் பார்க்கவில்லை. மருதானை ஷப்னாதான் முதலில் தொடங்கினாள். “அந்த மனிசன் பொலிஸ்காரன் மாதிரி ஈக்கிறார் சேர். வாசலையே ஸ்டேஷனாக்கி வெச்சீக்கிறார்” என்றாள். ஒருவன், இது வீட்டுச் சிறை என்றான். இன்னொருத்தி, இப்படி ஒருவனோடு வாழ்கிறதைவிட அந்தப் பொம்பிளை ஓடிப்போகலாம் என்றாள். எனக்கு முதுகு வேர்த்து, பிளவுஸ் நனைந்தது. திரும்பிப் பார்க்கப் பயம். பார்க்காமல் இருக்கவும் பயம். உன் கதிரை என் பக்கத்தில் சும்மா கிடந்தது.

நிரோஷன் சேர் பழக்கதோஷத்தில், “இனி எழுதியவரின் முறை” என்றுவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.  எல்லாக் கண்ணும் உன் கதிரையில். இதுதான் சமயம் என்று என் கை பையைத் திறந்து அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்தது. மலர் ஒரு முடிவு எழுதி வைத்திருக்கிறாள் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

பின்னால் கதிரை இழுபட்டது.

“நான் அவ புருஷன்ங்க” என்றார்.

ஷப்னா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கையில் இருந்த தாளைத்தான் பார்த்தார்.

“நான் ஒரு நாளும் கேட்டதில்லீங்க. எங்க போறன்னு. முப்பது வருஷமா ஒரு நாளும் கேட்டதில்ல. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பேன், அவ வெள்ளவத்தைக்குன்னு சொல்லிட்டுப் போவா. இதுல இவன் கேக்குறான். என்ன சேலைன்னு கூடக் கேக்குறான்.” விரலை அந்த வரியில் வைத்தார். “இது நான் இல்லீங்க. இவன எங்க இருந்து புடிச்சா?”

 நாங்கள் எல்லோரும் வதை என்று படித்த இடத்தை நீ ஆசை என்று எழுதியிருந்தாய். மூன்று வருஷம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. கதையே வாசிக்காத மனிதர் விரலை வைத்துப் படித்துக் கண்டுபிடித்தார்.

பிறகு என்னிடம் வந்து கையை நீட்டினார். “அந்தப் பேப்பரக் குடுங்கம்மா” என்றார். கொடுத்தேன். மடித்துச் சேர்ட் பொக்கற்றில் வைத்தார். நிரோஷன் சேர் கண்டார், கேட்கவில்லை. கிளார்க் நோனாவும் ஒருவழியாக வந்து சேர்ந்தா. முத்தையா அண்ணன் கையொப்பம் வைத்தார்.

என்னை வெள்ளவத்தையில் இறக்கிவிட்டுத்தான் கொட்டாஞ்சேனைக்குப் போவேன் என்று ஓட்டோவில் கூட ஏறினார். பம்பலப்பிட்டியில் காலி வீதி வழமைபோல அடைத்துக் கிடந்தது. அவர் பொக்கற்றிலிருந்து தாளை எடுத்து வாசித்தார். என் வாழ்க்கையில் எந்த விமர்சகருக்கும் நான் அப்படிப் பயந்ததில்லை.

“நல்லாத்தான் இருக்கு. சிரிப்பு வருது” என்றார். “ஆனா இது அவ இல்லீங்க. நீங்க.”

நான் பேசவில்லை. நம்பு, நான் பேசவில்லை.

“அவன் கேட்டா அவ உடன பதில் சொல்லமாட்டா. செருப்பப் போட்டுக்கிட்டு நிப்பா. இன்னொரு தரம் கேக்குறானான்னு பாப்பா.” தாளை என் மடியில் வைத்தார். “சபையில கேட்டாங்கன்னா, அவ முடிக்கலன்னே சொல்லிருங்க.”

சர்டிபிகேட் கிடைக்காமலே போகலாம் அண்ணன் என்றேன். ஹோலில் மாட்ட ஒன்றும் இருக்காது என்றேன்.

“தெரியும்” என்றார். பிறகு வெள்ளவத்தை வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். நீ எந்தப் பக்கம் இருப்பாய், வகுப்பில் சண்டை பிடிப்பாயா, மத்தியானம் என்ன சாப்பிடுவாய், உன்னைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்களா. என் வீட்டு வாசலில் ஓட்டோவை நிறுத்திவைத்தும் கேட்டார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். அது எனக்குப் புதுப் பழக்கம்.

அவர் சொன்னது சரியா, மலர்? நீ நின்று பார்த்திருப்பாயா? அல்லது அவன் இரண்டாம் தரம் கேட்குமுன் உனக்கே சிரிப்பு வந்திருக்குமா? பட்டம் போனாலும் பரவாயில்லை என்பாயா, இல்லை என்னைக் கொல்ல வருவாயா? மூன்று வருஷச் சனிக்கிழமைகள். நாளைக்கு என் ஒரு சொல்லில் அது போய்விடலாம். அதுதான் பயம். பொய் சொல்வதற்கு நான் பயந்ததேயில்லை. என் பிழைப்பே அது.

ஆனாலும் உனக்கு வாக்குத் தருகிறேன். நாளைக்கு அந்த நீட்டு மேசைக்கு முன்னால் போய் நின்று, அவள் முடிவு எழுதவில்லை என்று சொல்வேன். வேறு ஏதாவது கிடைத்ததா என்று அவர்கள் திருப்பிக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பகிடி விடமாட்டேன். உன் மனிசி வாசலிலேயே நிற்கட்டும். அவளுக்காக யாரும் வாயைத் திறக்க நான் விடமாட்டேன், நான் உட்பட.

உன்னைவிட ஆறு மாதம் மூத்தவள் என்றாலும் நீ ஒருநாளும் அக்கா என்று கூப்பிடாத,
உன் அக்கா
பவானி
வெள்ளவத்தை