டவருக்குக் கீழே விழுந்தது

நவம்பர் 14

பகல் இரண்டு மணி பதினேழு நிமிடத்துக்குச் செய்தி வந்தது. பூக்கூன் மலையில், நான் பழுது பார்க்கிற செல்போன் டவருக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. தாக்கெக் போகிற பஸ் வளைவில் கவிழ்ந்துவிட்டதாம். "சந்தாவோன் உங்க சம்சாரமா?" ஆமாம் என்றேன். சாலையோரக் கடையிலிருந்து பூவான் அக்கா கொண்டுவந்து வைத்த சூப் ஆறிக்கொண்டிருந்தது. நான் மறுபடி மேலே ஏறி மீதி நட்டுகளை முடுக்கிவிட்டுத்தான் இறங்கினேன்.

ஏன் ஏறினேன்?

நவம்பர் 18

தகனம் முடிந்தது. அழவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

பிப்ரவரி 3

அவளுடைய முதுகுப்பை இன்னும் கதவோரம் இருக்கிறது. பஸ்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தது, ஒரு கீறல் இல்லை. "வெள்ளைக்காரங்க மட்டும்தான் நம்ம நாட்டைச் சுத்திப் பாக்கணுமா? நாம பாக்கக் கூடாதா?" என்று கேட்டு வாங்கிய பை. தாக்கெக்கில் அவள் அம்மா வீடு, அப்புறம் சலவான், கடைசியில் தெற்கே ஆற்றுத் தீவுகள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. "நீ பின்னாலயே வந்து சேரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

இன்று அதை மாட்டிப் பார்த்தேன். வார் எனக்குச் சின்னது. தளர்த்தவில்லை.

நாளை கிளம்புகிறேன். சார்ஜருக்கு மேல் இரண்டு பவர்பேங்க். அன்றிலிருந்து போனை ஒருமுறைகூட அணைக்கவில்லை. எங்கள் வேலையில் அலாரம் தப்பாக அடித்தால், 'சரியாகிவிட்டது' என்று பின்னாலேயே ஒரு செய்தி வரும். சில சமயம் தாமதமாக வரும். பைத்தியக்காரத்தனம்தான். தெரியும். ஆனாலும் —

பிப்ரவரி 4

பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. மீதி தூரம் ஆள் ஏற்றுகிற லாரி. பெஞ்சு முழுக்கச் சந்தைக்குப் போகிற பெண்கள்.

"ஏ தம்பி, நம்மாளா நீ? பையப் பாத்து வெள்ளைக்காரன்னு நெனச்சு, வணக்கத்தை இங்கிலீஷ்ல தேடிட்டு இருந்தேன்."

"வீட்டை முதுகுல கட்டிட்டு எங்க போறே? பொண்டாட்டி துரத்திட்டாளா?"

"பை அவளோடதுதான் அக்கா."

"பையும் குடுத்துத் துரத்தினாளா? நல்லவதான் போல."

லாரியே சிரித்தது. நானும் வாயைச் சிரிப்பு மாதிரி வைத்துக்கொண்டேன். ஒட்டரிசிச் சோற்றை உருட்டிக் கையில் கொடுத்தார்கள். தின்றேன். ருசி தெரியவில்லை.

பிப்ரவரி 6

தாக்கெக், மாமியார் வீடு. நேற்று முழுதும் அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்று காலை, "உன் குவான், உள்ள இருக்கிற உசிரு, உன்கிட்ட இல்ல, சொம்வாங்" என்றாள். "திடுக்குன்னு அடி விழுந்தா அது உடம்பை விட்டுக் கழண்டு அங்கயே உக்காந்துக்கும். வலையால அள்ளிட்டு வரணும். எறும்போ வண்டோ சிக்கினா அதுதான் குவான்."

மீன் அள்ளுகிற கைவலை, அவித்த முட்டை, வாழைப்பழம், என் சட்டை ஒன்று. எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்குப் போனோம். நான் அந்த இடத்தைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. புல் முளைத்திருக்கிறது.

அத்தை காய்ந்த தரையில் வலையை ஓட்டினாள். "வாடா குவானே, வெயில்ல கிடக்காதே, வீட்டுக்கு வா." மூன்று முறை அள்ளினாள். வலையில் ஒரு எறும்புகூட இல்லை. ஜன்னல் கண்ணாடித் தூள் மட்டும். அதை அவள் தோள்துணியில் கொட்டி முடிந்துகொண்டாள்.

பிப்ரவரி 9

சலவான். சாப்பிடும்போது போன் அடித்தது, பாய்ந்து எடுத்தேன். யாரோ தவணையில் மோட்டார் பம்பு விற்கிறான்.

பிப்ரவரி 12

தோன் கோன் தீவு. அவள் வந்து சேர வேண்டிய கடைசி இடம். ஆறு இருக்கிறது, படகு இருக்கிறது. நல்ல இடம்தான் என்று எழுதத் தோன்றுகிறது, உள்ளே ஒன்றும் அசையவில்லை.

படகோட்டி கம்சிங் என் வயதுக்காரன், ஓயாமல் பேசுவான். "இப்படி உம்முன்னு வந்தா மீன்கூட ஓடிப்போயிடும்பா" என்றான். எப்படியோ விபத்தையும் அத்தை வளைவில் அள்ளியதையும் சொல்லிவிட்டேன். துடுப்பை நிறுத்திவிட்டான்.

"பஸ்ல நீ இருந்தியா?"

"இல்ல."

"அப்ப உன் குவான் அங்க எப்படிய்யா இருக்கும்? உனக்கு எங்க வச்சு அடி விழுந்துச்சு?"

செய்தி வந்த இடத்தைச் சொன்னேன். டவரடியில்.

"அப்ப அங்க போய் அள்ளாம, ஆத்துல என்கூடச் சுத்திட்டு இருக்கே. உன் மாமியாருக்கு இது தோணலியா?"

தோன்றியிருக்காது. அவளுக்கு அந்த வளைவைத் தவிர வேறு இடமே இல்லை.

பிப்ரவரி 13

அத்தைக்குப் போன் போட்டேன். கம்சிங் கேட்டதைச் சொன்னேன். "ஆமால்ல" என்றாள். வலையோடு வருகிறாள்.

பிப்ரவரி 16

பூக்கூன். பனிமூட்டம், டவரின் உச்சி தெரியவில்லை. பூவான் அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "டவர் தம்பிதானே? அன்னைக்கு சூப்பை அப்படியே வச்சிட்டுப் போனியே, நாய் தின்னுட்டு மூணு நாள் என் கடையை விட்டுப் போகல." விஷயம் கேட்டதும் அடுப்பைத் தணித்துவிட்டு அவளும் கூட வந்தாள்.

அத்தை டவரின் காலடியில் அள்ளினாள். இரண்டாவது முறை வலையில் ஒரு கருவண்டு. சட்டையில் அதைச் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"கடை வாசல் வரைக்கும் யார் கூப்பிட்டாலும் காது குடுக்கக் கூடாது. அது இப்பத்தான் ஒட்டுது."

"போன் அடிச்சா?"

"யாரு கூப்பிடப் போறா?"

என் கை பையிலிருந்த போனைத் தொட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவ கூப்பிட மாட்டா, சொம்வாங்."

இதுவரை யாரும் அதை என்னிடம் சொன்னதில்லை. சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தேன். வாசலில் பூவான் அக்கா, முறைப்படி, "வந்துட்டியா?" என்று கேட்டாள். வந்துட்டேன்னு சொல்லணும், அவ்வளவுதான். சொல்ல முடியல. மூணாவது தடவை கேட்டப்பதான் வாயில வந்துச்சு, கூடவே எல்லாம் வந்துச்சு. அங்கேயே படியில உக்காந்து அழுதேன். அக்கா பெஞ்சிலிருந்து ஆட்களை எழுப்பி வேறு பக்கம் அனுப்பினாள்.

பிறகு சூப் குடித்தேன். முழுதும். பசித்தது.

"உங்களுக்கு யாரு அள்ளினாங்க அத்தை?" என்று கேட்டேன்.

வலையை மடித்துக்கொண்டிருந்தாள். "அரிசி களையறப்ப சேதி வந்துச்சு. அடுப்படியிலதான் கிடக்கும். எங்க போயிடும்."

நாளை இருவரும் தாக்கெக் போகிறோம். இந்தத் தடவை வலை என் கையில். பையின் வாரைத் தளர்த்தினேன், இப்போது தோளுக்குச் சரியாக இருக்கிறது.

போனை அணைத்துவிட்டேன்.