பூனை இன்னும் தண்ணீர் குடிக்கவில்லை

ஆவணி 12, வெள்ளி இரவு.

தெருநாய் கடித்த புண் ஆறவில்லையென்று நம் வீட்டுப் பூனையைக் கூடையில் போட்டு, வாடகை மோட்டாரில் சேலம் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அந்த நாயை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

எடப்பாடியை விட்டு வண்டி கிளம்பியதுமே பூனை அடித்தொண்டையில் கத்த ஆரம்பித்தது. தாரமங்கலம் வருவதற்குள் வாயெல்லாம் எச்சில் ஒழுகியது. டிரைவர் திரும்பிப் பார்த்து, “ஏனுங்க, நொரை தள்ளுதுங்களே, வெறி கிறி புடிச்சிருக்குமுங்களா?” என்றான். ரோட்டைப் பார்த்து ஓட்டு என்று அதட்டினேன். சமாதானப்படுத்தலாமென்று கூடைக்குள் கைவிட்டேன். கடித்துவிட்டது.

டாக்டரின் மேஜைமேல் விட்டதும் அதே பூனை என் கக்கத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கியது.

“மோட்டார் ஆட்டத்துக்கும் எச்சில் ஒழுகும், வெறிக்கும் ஒழுகும். இன்றைக்கே சொல்ல முடியாது. பத்து நாள் அடைத்து வைத்துப் பாருங்கள். தண்ணீர் குடிக்கிறதா என்று கவனியுங்கள். அதற்குள் செத்துப்போனால் நீங்கள் உடனே குன்னூருக்குப் போய் வெறிக்கடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்” என்றார் டாக்டர், என் கைக் கடியைப் பார்த்துவிட்டு.

வீட்டுக்கு வந்ததும் இவள், “கையில என்னங்க, துணி சுத்தியிருக்குது?” என்றாள். கூடைக் குச்சி கிழித்துவிட்டது என்றேன். அவளும் நம்பிவிட்டாள்.

கோழி அடைக்கிற பஞ்சாரத்தைக் கவிழ்த்து, பூனையையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் உள்ளே வைத்திருக்கிறேன். அது மூலையில் சுருண்டு கிடக்கிறது. கிண்ணத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலத்திலிருந்து எனக்கும் நாக்கு வறண்டு கிடக்கிறது. சொம்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்க்கலாம்.

இறங்காவிட்டால்?