மூன்றாவது சேலை

அக்கா,

இன்று காலை அன்னூரில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தேன். எங்கள் அத்தை தவறிவிட்டார். அவருக்குப் பிறந்த வீடு எங்கள் வீடுதான். ஒருத்தி எத்தனை வயதில் செத்தாலும் பிறந்த வீட்டுப் புதுச்சேலை மேலே விழுந்தபிறகுதானே நம் பக்கம் பாடை தூக்குவார்கள்? அந்தக் கோடியை எடுக்கத்தான் அண்ணனோடு போயிருந்தேன். கடைக்காரர் நூல் சேலை ஒன்றைப் பிரித்து உதறினார். கஞ்சி வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"ஏனுங்கக்கா, சோடா ஏதாச்சும் வாங்கியாரச் சொல்லட்டுங்களா?" என்றார் கடைக்காரர். அத்தையை நினைத்து அழுகிறேன் என்று அண்ணன் எண்ணிக்கொண்டார். நான் அழுதது உங்களுக்காக.

பழனிக்குப் பாதயாத்திரை போனபோது வழியில் பழக்கமானவர்கள் நாம். எனக்கும் உங்களுக்கும் வீட்டுக்காரர் இல்லை, உங்களுக்குப் பிள்ளையும் இல்லை. "வடக்க போயி ஆறு மாசம் கோயில் கோயிலாச் சுத்தலாம் அம்மணி, நமக்கு யாரு சோறாக்கி வெச்சுட்டு காத்துக்கிட்டு இருக்கறா?" என்று நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். கருமத்தம்பட்டி டெய்லரிடம் கித்தான் துணியில் இரண்டு தோளிலும் மாட்டுகிற பை தைக்கக் கொடுத்தோம். "இந்த வயசுல எந்த இஸ்கூல்லீங்க சேரப் போறீங்க?" என்று அவர் சிரித்தார். "நாலாவதுல பெயிலுங்க தம்பி, அதான் மறுக்காப் போறமுங்க" என்றீர்கள். பாவம், நூல் கோக்க மறந்து சிரித்தார் மனுஷன்.

நான் கட்டிய மூட்டையைப் பார்க்க நீங்கள் வந்த நாள் மறக்குமா? முறுக்கு டின், ஊறுகாய் பாட்டில், பித்தளை மணி, ஐந்து சேலை, கண்ணாடி போட்ட முருகன் படம். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தீர்கள். படத்தில் கை வைத்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமியை உட்டுப்போட்டு சாமி கும்புடப் போறதாக்கா?"

"சாமி அங்கங்க ஒக்காந்துதான் இருக்குது. நாமதான் போயிப் பாக்கோணும். ஊட்டுல இருக்கறவரையும் தூக்கிட்டுப் போயி ரயில்ல ஒடைக்கோணுமா?"

திருநீற்றுப் பொட்டலத்தை மட்டும் மோந்து பார்த்துவிட்டு, "இது இருக்கட்டும், கனமில்லை" என்று திருப்பி வைத்தீர்கள். சோப்புக்கட்டியைக் கூடப் பாதியாக அறுத்தீர்கள். சேலை விஷயத்தில் சட்டம் போட்டீர்கள்: "ரெண்டே ரெண்டு. ஒண்ணு ஒடம்புல, ஒண்ணு கயித்துல."

அந்தச் சட்டத்தை நம்பி வந்த நான், ரயிலில் உங்கள் பையில் தலைவலித் தைலம் தேடினேன். அடியில் மடிப்புக் கலையாத புதுச்சேலை, வெள்ளையில் நீலக்கரை. "அடிக் கள்ளி! எனக்கு ரெண்டு, உங்களுக்கு மூணுங்களா?" என்று பெட்டியே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"அது கட்டறதுக்கில்லை அம்மணி. அது எனக்கு வெச்சிருக்கற கோடி."

தோட்டத்தில் பங்கு கேட்ட நாளோடு உங்கள் அண்ணன் வாசலை அடைத்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் செத்தபோது முறைப்படி பிறந்த வீட்டிலிருந்து உங்களுக்கு வரவேண்டிய புதுச்சேலையும் வரவில்லை; ஊரே பார்க்க, கட்டியிருந்த பழஞ்சேலையோடு உட்கார்ந்திருந்தீர்கள் என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"போறப்பவும் அப்படிப் போயிரக் கூடாது கண்ணு. ஆனா நானே வெச்சிருந்தா இது வெறும் துணி. நீ வெளிய இருந்து கொண்டாந்து போட்டாத்தான் கோடி."

"சாமி கும்புடப் போறப்ப என்ன பேச்சுங்கக்கா இது!" என்று வாயில் அடித்துக்கொண்டு முருகா முருகா என்றேன். நீங்கள் சேலையை மறுபடி அடியில் வைத்து, அதன் மேல் பாதி சோப்பை வைத்தீர்கள்.

வடக்கே குளிர் நம் எலும்புக்குப் பழக்கமில்லாதது. கங்கைக்கரைச் சத்திரத்தில் உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் வந்து ஊசி போட்டார். உங்கள் இரண்டு சேலையையும் உங்களுக்குச் சுற்றினேன், என்னுடைய இரண்டாவதையும் சுற்றினேன். புதுச்சேலையை எடுக்கப் போனபோது மட்டும் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "அது வேண்டாம், நீ கொண்டாருவே" என்றீர்கள். பேசியது அதுதான் கடைசி. விடிந்தபோது மூச்சு இல்லை.

சத்திரத்துக்காரர் வெள்ளைத்துணி கொண்டுவந்தார். பொறுங்கள் என்று கையைக் காட்டினேன், அவர் பாஷை எனக்கு எங்கே தெரியும்? அவரிடமே தாம்பாளம் ஒன்றை வாங்கினேன். சேலையை அதில் வைத்துத் தெருவுக்குப் போனேன். பனியில் எதிர்வீடு தெரியவில்லை. தெருமுனை வரை நடந்து திரும்பினேன், தூரத்திலிருந்து வருகிறவள் மாதிரி. வாசலில் நின்று, "பொறந்த ஊட்டுக் கோடி வந்திருக்குதுங்கோ!" என்று சத்தமாகச் சொன்னேன். நம் ஊர் என்றால் பறை அடித்திருப்பார்கள். அங்கே ஒரு மாடுதான் திரும்பிப் பார்த்தது. உள்ளே வந்து உங்கள் மேல் போர்த்தினேன். சத்திரத்துக்காரர் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

ஊர் திரும்பி, தகவல் சொல்ல உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார். எப்படிச் செத்தாள், என்ன காய்ச்சல் என்று எதுவும் கேட்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கோடி யாரு போட்டது?"

"பொறந்த ஊட்டுக்காரங்கதானுங்க" என்றேன். அவர் தலை நிமிரவில்லை. நானும் தண்ணீர் கேட்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் ராமேசுவரம் பக்கம் நாலைந்து பெண்களோடு கிளம்புகிறேன் அக்கா. அப்படியே மேற்கே சுற்றித் திரும்ப எத்தனை மாதமாகுமோ. எல்லோர் மூட்டையையும் நான்தான் பிரித்துக் குறைத்தேன், உங்கள் சட்டத்தைச் சொல்லித்தான். சோப்பையும் அறுத்தேன்.

இன்று கடையில் அத்தைக்கு எடுத்தபின் இன்னொரு சேலை கேட்டேன். அண்ணன் முகம் சுளித்தார்.

"அது யாருக்கு? உனக்குத்தான் நாங்க இருக்கறமே!"

"எனக்கில்லைங்கண்ணா. கூட வர்ற பொம்பளைகள்ல யாருக்கு அண்ணன் வரமாட்டாருன்னு போறப்பத் தெரியாதுங்களே."

சேலையை வாங்கி, வீட்டுக்கு வந்து, கித்தான் பையின் அடியில் வைத்துவிட்டேன்.