கீச்சானுக்கு முள் பழக்கிய கதை

குஞ்சுகளின் வயது: 66 நாள். காலை 06:10
இதைக் கண்டெடுக்கப்போகும் பெருமகனாருக்கு ஆழ்ந்த துயர அறிவிப்பு: நிலையத்தின் கடைசிப் பொரிகடலைப் பொட்டலம் இன்று இயற்கை எய்தியது. அரைக்கம்பத்தில் என் கைலி பறக்கிறது.
நான் வெயிலுகந்தான், வயது பதினேழு. ஆண்டு 2091. தேரிக்காட்டுச் செம்மணலில் ஒரு கண்ணாடிக் கூடாரம், உள்ளே ஐந்து கீச்சான் குஞ்சுகள். வெளியே ஒரு கீச்சான்கூட மிச்சமில்லை. கீச்சானுக்கு அலகு பருந்து, கால் குருவி. இரையை முள்ளில் குத்தி வைத்துத்தான் கிழித்துத் தின்ன முடியும். எழுபது நாளுக்குள் பழகாவிட்டால் அப்புறம் பழகவே பழகாது.

67 நாள். பிற்பகல் 15:40
வெப்பம் 49. குத்தியவை: பூஜ்யம். கூடாரத்துக்குள் திரியும் வெட்டுக்கிளியைப் பிடித்து முள் வரைக்கும் தூக்கிப் போகின்றன, கீழே போடுகின்றன, என்னை முறைக்கின்றன. புழுதிப் புயலால் கடற்கரையில் மாட்டிக்கொண்ட ஆய்வாளர் ஃபெபியோலா அக்கா ரேடியோவில் வந்தார்.
“ஏல, குஞ்சுவளுக்குக் குத்திக் காட்டுதியா இல்லியா?”
“காலைலேருந்து குத்திக் காட்டுதேன்க்கா. அதுவளுக்கு ரோஷமே வரல.”
“வெளையாடாதல. இதுதான் கடைசி அஞ்சு.”

68 நாள். மாலை 18:05
வெற்றி. ஐந்தும் குத்திவிட்டன. பதினொரு வெட்டுக்கிளிகள். பயிற்சி முறை முழுக்க என் சொந்த மூளை. சிலை வைப்பதானால் இடது பக்க முகம் நன்றாக இருக்கும்.
கேமராக் கண்களை மணல் தேய்த்துவிட்டது. நான் ரேடியோவில் வாசிப்பதுதான் அக்காவுக்குச் சாட்சி.
“நெசமாவால?”
“நெசந்தான்க்கா.”
அக்கா மூக்கை உறிஞ்சினார். “நாளைக்கு மத்தியானம் இங்கருந்தே கூரையத் தெறந்துவிடுதேன். நல்லாருப்பல நீ.”

69 நாள். 11:31
ரேடியோ செத்துவிட்டது. பதினான்கு முறை கூப்பிட்டேன். இரைச்சல் மட்டும்.

11:58
கூரை மோட்டார் ஓடுகிறது. நிறுத்தப் பார்த்து அதன் கைப்பிடியில் தொங்கினேன். கைப்பிடிதான் கழன்று வந்தது.

12:04
நான்கு போய்விட்டன. ஐந்தாவது விளிம்பில் உட்கார்ந்து, இதுவரை துண்டு போட்டு ஊட்டிய இறைச்சி இயந்திரத்தைப் பார்த்து வாயைத் திறக்கிறது.
அக்கா, ஒன்றுகூடக் குத்தவில்லை. நீங்கள் சிரிப்பீர்கள், உடனே உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அளந்தேன். நீங்கள் அழுதுவிட்டீர்கள்.
குஞ்சுகள் மீது தப்பில்லை. உயிருள்ள வெட்டுக்கிளியை வைத்துக் காட்டச் சொன்னீர்கள். நான் ஒருநாளும் அதைத் தொடவில்லை. இத்தனை நாளும் ரப்பர் வெட்டுக்கிளிப் பொம்மையைத்தான் குத்திக் காட்டினேன். அது உதைக்காது.
எனக்கு வெட்டுக்கிளி என்றால் பயம், அக்கா.