ஆயாவும் மிஸ்ஸியும்

4 ஜூலை 1983, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. மூங்கில் கழிகளைச் சமையலறைக்குள் இழுத்துப் போட்டாயிற்று. விலங்கியல் விடைத்தாள்கள் பாதிதான் திருத்தினேன். முழங்கால் வலி.

ஸ்டெல்லாவுக்கு இன்று ஆஸ்பத்திரியில் மூன்று மாதப் பயிற்சி முடிந்தது. தம்பி ஜெரோம் இறந்த பிறகு இந்த பிடோக் வீட்டில் அவன் மனைவியான இவளும் நானும்தான். அவனுக்கு வாழ்க்கைப்படும் முன்பே அவள் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட். பெட்பேன், படுக்கை விரிப்பு, தமிழ் மட்டுமே தெரிந்த கிழவர்களுக்கு மொழிபெயர்ப்பு. அவர்களுக்கு இவள் ஆயா. நர்சுகள் மிஸ்ஸி. சீனர், மலாய்க்காரர், நம்மவர் யாராக இருந்தாலும் இந்த ஊரில் நர்ஸ் என்றால் மிஸ்ஸிதான்.

பயிற்சி முடித்தவர்களை உதவி நர்ஸ் ஆக்குவார்களாம். யார் சொன்னது என்று கேட்டேன்.

"எல்லாரும் சொல்றாங்க மைனி."

எழுத்தில் இருக்கிறதா என்றேன். இஸ்திரி போட்டுக்கொண்டே பாடினாள். கட்டை விரலைச் சுட்டுக்கொண்டாள். அப்போதும் பாட்டு நிற்கவில்லை.

6 ஜூலை, புதன்

வெயில். தேக்கா சந்தையில் வாங்க வேண்டியவை: நெத்திலி, சீயக்காய், முருங்கைக்காய் விலை பார்த்து.

கடைசி வகுப்பில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெண் வந்து பேசினாளாம். அங்கே பூர்வகுடி மக்களிலிருந்தே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்து, சொந்த ஊரில், சொந்த மொழியில் நோயாளிகளைப் பார்க்க விடுகிறார்களாம். 'ஹெல்த் வொர்க்கர்' என்று பெயர். இதைச் சொல்லும்போது ஸ்டெ. சோற்றில் கையே வைக்கவில்லை.

"நர்சுக்கு எடுபிடி இல்ல மைனி. தனி வேலை, தனிப் பேரு."

"சம்பளம்?"

"அத நான் கேக்கல."

"அந்தப் பேர எல்லா ஆஸ்பத்திரியும் ஒத்துக்குதா?"

"அதுக்கு இன்னும் போராடிக்கிட்டுதான் இருக்காங்களாம்." பிறகு தட்டைப் பார்த்தபடி: "உங்ககிட்ட ஒரு நல்ல சேதி சொல்ல முடியாது லா."

சிரித்துவிட்டேன். அவளும்.

8 ஜூலை, வெள்ளி

மேகமூட்டம், புழுக்கம்.

ஸ்டெ. வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் தங்க நிற ஓரம் போட்ட தடித்த காகிதம்.

"மூணு மாசம் படிச்சதுக்கு நான் அட்டெண்டன்ட்டுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க மைனி. அதான் எனக்குத் தெரியுமே."

வாங்கிப் பார்த்தேன். அட்டெண்டன்ட் இல்லை, அட்டெண்டன்ஸ். வகுப்புக்கு வந்தாள் என்பதற்கான சான்று. தேர்ச்சி என்ற சொல்லே இல்லை. பதவி, சம்பளம், சீருடை எதிலும் மாற்றமில்லை என்று கூட்டி வைத்துச் சொல்லிவிட்டார்களாம். வித்தியாசத்தை விளக்கினேன். ஆசிரியை புத்தி. விளக்காமல் விட்டிருக்கலாம்.

"நான் வந்தேன்னு எனக்கே தெரியாதா?"

தேநீர் கொடுத்தேன். ஆற விட்டாள். வார்டில் நடந்ததைப் பிறகுதான் சொன்னாள். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கிழவர் ஒருவர், இவள் படித்து முடித்தது தெரிந்து, காலையில் உரக்க "மிஸ்ஸி! மிஸ்ஸி!" என்று கூப்பிட்டிருக்கிறார். ஸ்டாஃப் நர்ஸ், நம் தமிழ்ப் பெண்தான், ஓடி வந்தாளாம்.

"தாத்தா, இவங்க மிஸ்ஸி இல்ல, ஆயா. மிஸ்ஸின்னா நான்."

"அப்படியா? நீ தொட்டா வலிக்குது, அவங்க தொட்டா வலிக்கல. நீ ஆயாவா இருந்துக்க."

வார்டே சிரித்ததாம். அந்தச் சிரிப்புக்காக ஸ்டெல்லாவை மேட்ரன் அறைக்கு அழைத்தார்கள். நோயாளிகளை அப்படிக் கூப்பிடப் பழக்கக் கூடாதாம்.

இரவு அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

10 ஜூலை, ஞாயிறு

மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. நீண்ட பிரசங்கம், மின்விசிறி ஓடவில்லை. வெளியே வந்ததும் காத்தோங்கிலிருந்து வரும் மேரியக்கா எல்லோர் எதிரிலும், "என்ன ஸ்டெல்லா மிஸ்ஸி, விருந்து எப்ப?"

"மிஸ்ஸி இல்லக்கா. ஆயா. நாளைக்கும் ஆயா. சாகுற வரைக்கும் ஆயா."

சிரித்துக்கொண்டே சொன்னாள். மேரியக்கா முகம் செத்துப்போயிற்று. பாவம், நல்ல மனசுக்காரி.

பேருந்தில், ஆங்கிலம் நான் சொல்லித்தருகிறேன், முறையான நர்சிங் படிப்புக்கே எழுதிப் போடலாம் என்றேன்.

"நாப்பத்திரண்டு வயசுல யாரு மைனி எடுப்பா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. என் பெயருக்குப் பின்னால் உள்ள பட்டத்தின் எழுத்துகளை இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அவை எனக்கு என்ன செய்தன என்று யோசித்தால் சொல்லத் தெரியவில்லை. ஆனால் யாரும் பிடுங்கியதில்லை.

12 ஜூலை, செவ்வாய்

கடும் வெயில். பள்ளி அரை நாள். ஸ்டெ. இரண்டாம் நாளாக வேலைக்குப் போகவில்லை. காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது.

மூன்று மணிக்குக் கீழ்மாடி லெட்சுமி, இடுப்பில் குழந்தை. காதில் சீழ், வீறிட்டு அழுகிறது. இந்த புளோக்கில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் இங்கேதான் வருவார்கள். கதவு தட்டும் முன்பே ஸ்டெ. டார்ச் லைட்டை எடுத்திருப்பாள்.

இன்று சமையலறையில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நகரவில்லை. தாழ்ந்த குரலில், "நான் இல்லன்னு சொல்லிடுங்க மைனி."

அவளைப் பார்த்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"ஸ்டெல்லா இல்லையே லெட்சுமி. கிளினிக்குக்குக் கொண்டு போ."

"எப்ப வருவாங்க டீச்சர்?"

தெரியாது என்றேன்.

அழுகை லிஃப்ட் வரை போனது. வெள்ளரிக்காய் நறுக்கும் சத்தம் நின்றிருந்தது. லிஃப்ட் கதவு மூடியதும் மறுபடி ஆரம்பித்தது.