சுக்கானின் படிவத்தில் ஒரு காலி வரி

சுக்கானின் தடுப்பூசிப் புத்தகத்தை நேற்று எடுத்தேன். நீ அதைப் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைத் திறந்ததும் பீடி வாசம் வந்தது. நீ போய்ப் பதினான்கு மாதமாகிறது. நாயின் பெயர், நிறம், பிறந்த மாதம் எல்லாம் உன் கையெழுத்தில் இருக்கின்றன. உரிமையாளர் என்ற இடத்தில் உன் பெயர். அதை அடித்து என் பெயரை எழுதச் சொல்லி கால்நடை மருத்துவமனையில் இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பேனாவைத் திறந்து மூடிவிட்டேன். இப்போது இன்சூரன்ஸ் படிவத்தோடு இதையும் இணைக்க வேண்டும். அதனால் ஒரே ஒரு மெல்லிய கோடு போட்டேன், உன் பெயரைப் படிக்க முடிகிற மாதிரி. அதற்குக் கீழே என் பெயர்.

ஆமாம், இன்சூரன்ஸ்தான். மூன்று வருடம் தாமதமாக.

நீ கப்பலில் சுக்கான் பிடித்தாய், பின்னால் நாய்க்கும் அதையே பெயராக வைத்தாய். நான் ஃபீனிக்ஸ் பே துறைமுக அலுவலகத்தில் உட்கார்ந்து பயணிகள் பட்டியல் எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாமல் இதே தீவில் மின்னி பேயில் ஒரே சந்தில் வீடு பார்த்துக்கொண்டோம். ஒருநாள் சாயங்காலம் நீ நாயை இழுத்துக்கொண்டு வந்தாய், அல்லது அது உன்னை இழுத்துக்கொண்டு வந்தது.

"ஏய்யா கிளார்க்கு, நாயிக்கெல்லாம் இன்சூரன்ஸ் இருக்காம்ல? நீதான் இங்கிலீசு படிச்ச ஆளு. பாத்துச் சொல்லு."

நான் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். மூன்று கம்பெனிகளின் விதிமுறைகளை அச்செடுத்து, முழுநீளத் தாளில் கட்டம் போட்டேன். ஒன்றில் நாய் இறந்தால் பணம் வரும், நோய்க்கு வராது. இன்னொன்றில் நோய்க்கும் அறுவைச் சிகிச்சைக்கும் வரும், ஆனால் பாலிசி எடுத்த முதல் சில வாரங்களில் வரும் நோய் சேராது, அதற்கு முன்பே இருந்த நோய் எப்போதும் சேராது. மூன்றாவதில் நாய் யாரையாவது கடித்தால் அவர்களுடைய செலவைக் கம்பெனி ஏற்கும். இதையெல்லாம் உன்னிடம் விளக்கினேன். நீ பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டாய்.

"செத்தப்புறம் காசு எதுக்குய்யா? உசுரோட இருக்கையில என்னா குடுப்பான், அதப் பாரு."

கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து எட்டாம் வகுப்போடு நின்றவன் நீ. நான் நான்கு மாதம் கட்டம் போட்டும் வந்து சேராத இடத்துக்கு நீ ஒரு நொடியில் வந்துவிட்டாய். இருந்தும் நான் முடிவு சொல்லவில்லை. சிறிய எழுத்தில் இருந்த ஒரு நிபந்தனைக்கு இரண்டு பொருள் வருவதுபோல் தோன்றியது. கம்பெனிக்குக் கடிதம் எழுதி, பதிலுக்குக் காத்திருந்தேன்.

அதற்குள் சுக்கானுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. மூக்கிலிருந்து ரத்தம் வர, நீ அதைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஆட்டோ தேடி ஓடினாய். ஊசி, ரத்தப் பரிசோதனை, மெயின்லேண்டிலிருந்து வரவழைத்த மருந்து எல்லாவற்றுக்கும் உன் கைக்காசுதான் போனது. நாய் பிழைத்தது. நான் என் தாளோடு மன்னிப்புக் கேட்க வந்தேன். நீ தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தாய்.

"நல்லாத்தான்யா கோடு போட்டிருக்க. நாயிக்குத்தான் படிக்கத் தெரியல."

அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

இப்போது ஏன் மறுபடி எடுத்தேன் என்று சொல்கிறேன். எனக்குக் குடலிறக்கம். டாக்டர் அறுவைச் சிகிச்சை செய்தே ஆகவேண்டும் என்கிறார். ஒரு வாரம் ஆஸ்பத்திரி, அதன்பின் ஒரு மாதத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது, நாயைக் கட்டி இழுக்கவே கூடாது. "யார் கூட இருக்காங்க?" என்று கேட்டார். சுக்கான் என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டேன். மூன்றாம் முறை அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் மறுபடி தள்ளத் துணிவு வரவில்லை.

வீட்டுக்கு வந்து பாலிசிகளைப் படித்தேன். ஒரு பாலிசியில், உரிமையாளர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் நாயை விடுதியில் விடும் செலவைக் கொடுப்பதாக ஒரு பிரிவு இருந்தது. எனக்காகவே எழுதியதுபோல் இருந்தது. நான்கு முறை படித்துவிட்டு, உடனே அவர்களுக்குப் போன் செய்தேன். சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"சார், உங்க பின்கோடுக்கு விடுதி எதுவும் காட்டலியே சார்."

"இது தீவும்மா."

"அப்ப பக்கத்து ஊர்ல விடலாமே சார். சென்னைல நிறைய இருக்கு."

"கப்பல்ல மூணு நாளும்மா."

"சாரி சார்," என்றாள். உண்மையிலேயே வருத்தப்பட்ட குரல். நான் அவளுக்கு நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

சரி, அந்தப் பிரிவு நமக்கு ஆகாது. நோய்க்கும் விபத்துக்கும் கடிக்கும் சேர்த்துத் தருகிற வேறொரு பாலிசியைத் தேர்ந்தேன். வயது வரம்பில் சுக்கான் இன்னும் சில மாதம் உள்ளே இருக்கிறது. உண்ணிக் காய்ச்சலை மறைக்காமல் எழுதினேன். ஏஜென்ட் தம்பி, "அதை விட்டுடுங்க சார், யாரு கேக்கப் போறா?" என்றான். எழுதினால் அந்த நோய் மறுபடி வந்தாலும் பணம் கிடைக்காது, தெரியும். எழுதாவிட்டால் ஒருநாள் வேறெதற்கோ கேட்கும்போது மொத்தமும் போய்விடும். இதை ஒரே நாளில் தீர்மானித்தேன், நம்புவாயா.

ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. "உரிமையாளர் இல்லாத சமயம் பராமரிப்பவர்: பெயர், உறவு, தொலைபேசி எண்." அது இரண்டு வாரம் காலியாகக் கிடந்தது. தஞ்சாவூரில் இருக்கும் என் தம்பி பெயரை எழுதலாமா என்றுகூட யோசித்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் எப்படிச் சோறு போடுவான்? இந்த ஊரில் நாற்பது வருடம் ஆயிரக்கணக்கான பெயர்களை எழுதியவன் நான். இந்த வரிக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. உன் பெயர்தான் வந்து வந்து நின்றது.

கடைசியில் பக்கத்து வீட்டுக்குப் போனேன். சுஜாதா, உனக்குத் தெரியும், தெலுங்குக்காரப் பெண், தமிழை இந்தி கலந்துதான் பேசுவாள், புருஷன் மீன்பிடிக்கப் போகிறவன். பதினொரு வருடத்தில் அவள் வீட்டு கேட்டைத் தாண்டியதில்லை நான். தண்ணீர் வராத நாளில் கேட்டருகே நின்று விசாரிப்பதோடு சரி. அவள் முற்றத்தில் மீன் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"க்யா ஹுவா அங்கிள், தண்ணி வரலியா?"

"வந்துச்சும்மா. ஒரு படிவம்... நாய்க்கு."

"நாய்க்கு ரேஷன் கார்டா?" என்று சிரித்தாள்.

"இன்சூரன்ஸ். எனக்கு ஒரு ஆபரேஷன். சுக்கானை ஒரு பத்து நாள், உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா..."

"டீக் ஹை, விட்டுட்டுப் போங்க."

"நான் இன்னும் சொல்லி முடிக்கலியேம்மா. கொஞ்ச நாள் கூட ஆகலாம், மாத்திரை வேற..."

"அரே அங்கிள், இன்னும் என்ன சொல்லணும்? ஆபரேஷன் எப்போ? கூட யார் வராங்க? அத சொல்லுங்க." கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "சுக்கானுக்கு தினம் காலைல இங்கதான் நாஷ்டா. மீன் தலை, சோறு. உங்களுக்கு மாலூம் நஹி?"

எனக்குத் தெரியாது. மாதாமாதம் எடை பார்த்து, கூடிக்கொண்டே போகிறதே, தைராய்டாக இருக்குமோ என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

"எப்போலேருந்தும்மா?"

"உங்க தோஸ்த்த ஆஸ்பத்திரில சேத்தாங்க இல்ல, அப்போலேருந்து. ரெண்டு நாள் அவரு வீட்டு வாசல்ல கட்டிப்போட்டுக் கிடந்தான். நான்தான் போய் அவுத்து சோறு வெச்சேன். அப்புறம் நீங்க கூட்டிட்டுப் போனீங்க."

உறவு என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "படோசின்னு போடுங்க. பக்கத்து வீடு. வேற என்ன?" என்றாள். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். டீ கொடுத்தாள். கப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

படிவம் போய்விட்டது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்கிறேன். அவள் புருஷன் என்னோடு கூட வருகிறான்.

உனக்கு எழுத வந்தது இதற்காக இல்லை. அந்த இரண்டு நாளுக்காக.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ என்னைக் கேட்டாய்: "நா திரும்பற வரைக்கும் நாய ஒங்கிட்ட வெச்சுக்கறியாய்யா?" நான், "யோசிச்சுச் சொல்றேன்," என்றேன். யோசித்தேன். வீட்டில் இடம் போதுமா, குரைத்தால் அக்கம்பக்கம் என்ன சொல்லும், கடித்துவிட்டால் என்ன செய்வது என்று தாளில் எழுதிக்கூடப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை வந்து சரி என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். வலி என்று நினைத்தேன்.

அந்த வரி காலியாகக் கிடந்த இரண்டு வாரம் நான் எப்படி இருந்தேன் என்பது எனக்குத் தெரியும். நீ அப்படித்தான் அந்த இரண்டு நாளும் படுத்திருந்திருக்கிறாய். கேட்க உனக்கும் வேறு ஆள் இல்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் சுஜாதா சொன்ன சரியை உன்னிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. ஆஸ்பத்திரிக்கு வேட்டி, துண்டு, மாத்திரை எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். கூட அந்த இரண்டு நாளும் வருகிறது.